பூமி அதிர்வது இயற்கை. வீடு இடிவது யார் குற்றம்?

1993 செப்டம்பர் 30-ந் தேதி, விடியுமுன் நான்கு மணி அளவில், மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்களில் பூமி அதிர்ந்தது. சில விநாடிகள்தான். கில்லாரியும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களும் கற்குவியல்களாயின. தூங்கியவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்திருக்கவேயில்லை.

மூன்றரை மாதம் கழித்து, 1994 ஜனவரி 17-ந் தேதி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நார்த்ரிட்ஜ் பகுதி அதிர்ந்தது. அதுவும் விடியுமுன், அங்கும் ஜனங்கள் உறக்கத்தில்தான் இருந்தார்கள். லாத்தூரில் பூகம்பத்தின் அளவு 6.2, இங்கே 6.7. அதாவது வெளிப்பட்ட சக்தி ஐந்து மடங்குக்கு மேல். ஜன நெருக்கமும் அதிகம். மாண்டவர்கள் சுமார் 60 பேர்.

பூமாதேவி அமெரிக்கனிடம் கருணையும் மராட்டிய விவசாயியிடம் கோபமும் கொண்டாளா? இந்த வித்தியாசத்தின் காரணத்தை உழைக்கும் மக்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நாம் நிற்கும் தரை ஒரே பாளமல்ல. பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்தியா இருக்கும் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. இமயமலை எழும்பியதே இந்த முட்டலால்தான். அந்த நெருக்குதல் தட்டின் உட்பகுதியையும் விடுவதில்லை. மூங்கிலை வளைத்துக்கொண்டே போனால் ஓரளவு வளையும். பிறகு படீரென்று முறியும். பாறையும் அப்படியே. வெகுகாலம் நெரிபட்டு, பலவீனமான பிளவின் வழியே ஒரு கணத்தில் வழுக்குகிறது. அந்த அதிர்ச்சி அலைகளாகப் பரவுகிறது. முதலில் வருவது வேகமானது, ஆனால் இலேசானது. அதன் பின்னே வரும் அலைகள்தான் தரையைப் பக்கவாட்டில் உலுக்கிச் சுவரைச் சாய்க்கின்றன.

இன்ன நாளில், இன்ன இடத்தில் பூகம்பம் வரும் என்று சொல்ல இன்றுவரை எந்த விஞ்ஞானியாலும் முடியவில்லை. முடியும் என்கிற ஜோசியனை நம்ப வேண்டாம். ஆனால், வந்தால் எந்தச் சுவர் நிற்கும், எந்தச் சுவர் விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

கில்லாரி வீடுகளின் சுவர்கள் கல்லை மண் சேற்றில் அடுக்கிக் கட்டியவை. மேலே மரச்சட்டம், அதன்மேல் வெயிலுக்கு அடக்கமாகக் கொட்டிய கனத்த மண். இப்படிப்பட்ட சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் உலுக்கினால், சேறு கல்லைப் பிடித்து நிறுத்தாது. சுவரின் இரு முகமும் பிரிந்து சரிய, கூரை மண் ஆளை மூடியது.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. சுவரின் இரு முகத்தையும் இணைக்கக் குறுக்கே நீளக் கல், கதவு நிலைக்கு மேல் நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை, இலேசான கூரை. இது மாளிகைச் செலவல்ல. பூகம்பத்தைத் தாங்கும் கட்டிடங்களுக்கான விதிகள் இந்தியாவில் 1962-லேயே வெளியாகிவிட்டன. முப்பத்தொரு வருஷமாகியும் அந்த அறிவு கில்லாரியின் சுவர்களில் ஏறவில்லை. போதாததற்கு, அன்றைய சர்க்கார் வரைபடம் அந்தப் பிரதேசத்தை மிகக் குறைந்த அபாயப் பகுதி என்று ஒதுக்கி வைத்திருந்தது!

சிமெண்டு கட்டிடமானால் கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. துருக்கியில் விதிகள் இருந்தன. ஆனால் விதியை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் போதும், கட்டிடம் சட்டப்படி செல்லும் என்று 2018-ல் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. 2023 பிப்ரவரி 6-ந் தேதி 7.8 அளவில் பூமி அதிர்ந்தபோது, அங்கே மட்டும் 50,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மன்னிப்புச் சீட்டு சுவரைத் தாங்குமா? கம்பியிலும் சிமெண்டிலும் மிச்சம் பிடிப்பவனின் லாபத்துக்கு, குடியிருப்பவன் உயிரால் விலை கொடுக்கிறான்.

பூகம்பத்தின் கை கடல் தாண்டியும் நீளும். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. குப்பத்து ஜனங்கள் மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம், சொல்வாரில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் உண்டு. நமது சமுத்திரத்துக்கு இல்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் பலியான பிறகே, 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று மில் தொழிலாளி இருந்துவிட முடியாது. 1900 பிப்ரவரியில் கோவையே அதிர்ந்தது. 2002-ல் திருத்திய வரைபடம் சென்னையையும் கோவையையும் நடுத்தர அபாயப் பகுதியில் சேர்த்தது.

ஆகவே, செத்த பின் நிவாரணம் என்ற தர்மப்பிச்சை நமக்குப் போதாது. சர்க்கார் கட்டும் காலனி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் விதிப்படி கட்டப்பட வேண்டும். கணக்கு, கம்பி, கலவை அனைத்தையும் ஊர் மக்கள் முன்னிலையில் சோதிக்க வேண்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியோடு பயிற்சி தர வேண்டும். விதி மீறும் காண்டிராக்டருக்கு மன்னிப்பு கூடாது. சங்கங்கள் கூலி உயர்வுக்கான கோரிக்கையோடு, உறுதியான வீட்டுக்கான கோரிக்கையையும் சேர்த்து எழுப்பட்டும்.

பாறை நகர்வதை நிறுத்த நம்மால் முடியாது. சுவர் நம் தலைமேல் விழாமல் நிறுத்த நம்மால் முடியும்.