பேச மறுக்கும் உரிமை

நிலத்துக்கு வேலி போடலாம். நீருக்குக்கூட அணை போடலாம். ஆகாயத்துக்கு வேலி போட முடியுமா? முடியும் என்று காட்டிய வியாபாரிகள் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கை வாசகர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

கதை எழுதுகிறவனுக்கு வானொலி அலைகளோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதுதான் என் பிழைப்பு. ஒருத்தி சொன்ன சொல் உரியவன் காதில் விழாமற் போனால் என்னென்ன நேரும் என்பதை வைத்துத்தானே பாதி நாவல்கள் நடக்கின்றன! ஆகவே, சொல்லும் கேள்வியும் சந்திக்கிற இடத்தில் ஒருவன் சுவர் எழுப்பினால் அது என் தொழிலையும் சேர்ந்த விவகாரம்தான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். வானொலி அலையும் வெளிச்சமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டும் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஓர் அலை விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அது அதன் அதிர்வெண். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் வரும். ஒரு காலத்தில் கப்பல்கள் அபயக்குரல் எழுப்பிய அலை விநாடிக்கு 5 லட்சம் தடவை அதிர்ந்தது. அதன் நீளம் 600 மீட்டர். நாம் கேட்கும் பண்பலை வானொலி 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. நீளம் 3 மீட்டர். கைப்பேசியின் 900 மெகாஹெர்ட்ஸ் அலையோ ஒரு முழத்துக்கும் குறைவு.

ஒரே அதிர்வெண்ணில் அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் பேசினால் இரண்டு பேச்சும் கெடும். ஆகவே யார் எந்த அதிர்வெண்ணில் பேசுவது, எவ்வளவு உரக்கப் பேசுவது, எந்தக் குறியீட்டில் பேசுவது, யாருக்குப் பின் யார் பேசுவது என்று எல்லோரும் முன்கூட்டியே உடன்பட்டாக வேண்டும். அந்த உடன்பாட்டைத்தான் பொறியாளர்கள் ‘தரநிலை’ என்கிறார்கள். மொழிக்கு இலக்கணம் எப்படியோ, அலைக்குத் தரநிலை அப்படி.

இந்த இலக்கணம் எளிதில் பிறந்துவிடவில்லை. 1901 டிசம்பரில், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ஓர் எழுத்தைக் கம்பியில்லாமல் அனுப்பிவிட்டதாக உலகுக்கு அறிவித்தார் மார்க்கோனி. மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கம்பெனி கப்பல்களுக்குக் கருவியையும் அதை இயக்கும் ஆளையும் சேர்த்து வாடகைக்கு விட்டது. வாடகையோடு ஒரு கட்டளையும் கப்பலேறியது: வேறு கம்பெனியின் கருவி அழைத்தால் பதில் சொல்லாதே! ஆபத்துக் காலத்துக்கு மட்டும் விலக்கு.

1902-இல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி ஹைன்ரிஹ் இளவரசர் அமெரிக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். விருந்தளித்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நடுக்கடலிலிருந்து நன்றி சொல்ல விரும்பினார். கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. மார்க்கோனி நிலையம் அதனோடு பேச மறுத்துவிட்டது. இளவரசருக்கே இந்த உபசாரம் என்றால், மூன்றாம் வகுப்பில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த ஏழையின் செய்திக்கு என்ன கதி?

மறு ஆண்டே பெர்லினில் ஒன்பது நாடுகள் கூடின. எந்தக் கருவியாயினும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றது ஜெர்மனி. பிரிட்டனும் இத்தாலியும் ஒப்பவில்லை. 1906-இல் அதே பெர்லினில் மீண்டும் பெரிய மகாநாடு கூடிய பிறகுதான், கரை நிலையமும் கப்பலும் கருவி பேதம் பாராமல் செய்தி பரிமாற வேண்டும் என்பது சர்வதேச விதியாயிற்று. எஸ்.ஓ.எஸ். என்ற அபயக் குறியும் அந்த ஒப்பந்தத்தில்தான் உலகப் பொதுவாயிற்று. பேச மறுக்கும் உரிமை எந்தக் கம்பெனிக்கும் கிடையாது என்று உலகம் ஏட்டில் எழுதிய முதல் தீர்ப்பு இது.

விதிகள் என்றால் வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் 1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவை நினைத்துப் பார்க்கட்டும். இரவு 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதிக தூரமில்லாமல் காலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் ஒரே ஒரு தந்தியாளர். சற்று முன்புதான் அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். அவர் மீது குற்றம் சொல்லமாட்டேன். இரவு முழுவதும் காது கொடுத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு விதியே இல்லை. வெகு தொலைவில் வந்த கார்ப்பேதியாவின் தந்தியாளர் தற்செயலாக இன்னும் படுக்காமல் இருந்ததால் சுமார் 700 உயிர்கள் பிழைத்தன. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டார்கள். அந்தக் கோடையிலேயே லண்டனில் கூடிய மகாநாடு, கப்பலும் கப்பலுமே கருவி பேதம் பாராமல் பேசியாக வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு தரநிலைக்கும் அடியில் யாரோ சிலருடைய கண்ணீர் உலர்ந்து கிடக்கிறது.

“தரநிலை புதுமையைக் கொன்றுவிடும்” என்று வாதிக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்களுக்குக் கைப்பேசியின் கதையைச் சொல்கிறேன். 1980-களில் ஐரோப்பாவில் நாட்டுக்கொரு முறை. பிரிட்டனின் கார் தொலைபேசி ஜெர்மனியில் ஊமை. ஜெர்மனியுடையது பிரான்சில் ஊமை. 1987 செப்டம்பரில் 13 நாடுகள் கோபன்ஹேகனில் கையெழுத்திட்டு ஒரே முறைக்கு உடன்பட்டன. அதுதான் ஜி.எஸ்.எம். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைப்பாதையை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் முறை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒருவர் முடித்த மறுகணம் அடுத்தவர். எட்டுப் பேரும் ஆன பின் மீண்டும் முதல்வர். எட்டுப் பேரும் தாம் இடைவிடாமல் பேசுவதாகவே எண்ணுகிறார்கள்! இந்த ஒழுங்கு புதுமையைக் கொன்றதா? 1995 ஜூலையில் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசினார், இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு என்றார்கள். அதற்குப் பின் காய்கறி வண்டிக்காரர் கையிலும் அது வந்து சேர்ந்ததே, எதனால்? எந்தக் கம்பெனி கருவியும் எந்தக் கம்பெனி கோபுரத்தோடும் பேசும் என்ற உடன்பாட்டால்.

“கோடிகளைக் கொட்டியது நாங்கள், பலனை மற்றவன் அனுபவிப்பதா?” இது இரண்டாவது வாதம். மார்க்கோனி கம்பெனி சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்டுபிடித்தவனுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். இன்றைய கைப்பேசித் தரநிலைகளில் காப்புரிமை பெற்றவர்களுக்கு நியாயமான உரிமைத்தொகை கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பாலம் கட்டியவன் சுங்கம் வாங்கட்டும். தன் வண்டியில் வராதவன் ஆற்றைக் கடக்கவே கூடாது என்பது மட்டும் ஆகாது.

இப்போது நம் கைக்கே வருவோம். கைப்பேசியில் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். எந்தக் கம்பெனி எண்ணிலிருந்து எந்தக் கம்பெனி எண்ணுக்கும் போய்ச் சேரும். தரநிலை செய்த உபகாரம் அது. அதே கருவியில் இருக்கும் செய்திச் செயலிகளைப் பாருங்கள். இந்தச் செயலிக்காரர் அந்தச் செயலிக்காரரோடு பேச முடியாது. பேத்தி ஒன்றில், பாட்டி வேறொன்றில். பாட்டிதான் இடம் மாற வேண்டும், அல்லது பேத்தியின் குரல் கேட்காமல் இருக்க வேண்டும். இந்தச் செயலிகள் ஓடிவருவது எதன் மேல்? பொது உடன்பாட்டால் உண்டான அலைகளின் மேல்! 1995 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சாலை வழியாக வண்டியோட்டி வந்து, நம் வீட்டு வாசலில் தம் பூட்டைத் தொங்கவிடுகிறார்கள். 1902-இல் நடுக்கடலில் நடந்ததும் இதுதான்.

“திறந்துவிட்டால் உங்கள் அந்தரங்கத்துக்கு ஆபத்து” என்று பயமுறுத்துகிறார்கள். அந்தரங்கம் பெரிய விஷயம்தான், அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் பூட்டுக்கும் பொது இலக்கணம் எழுதலாமே! இணையத் தரநிலைகளை வகுக்கும் பொறியாளர்கள் 2023-இல் குழு உரையாடல்களை மறைகுறியாக்கம் செய்வதற்கென்றே ஒரு பொதுத் தரநிலையை வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டமோ, மிகப் பெரிய செய்திச் செயலிகள், பிறர் கேட்டால் வழி திறந்துவிட வேண்டும் என்கிறது. வேலை கடினம் என்கிறார்கள். கடினம்தான். 1906-இல் கடலில் அது எளிதாகவா இருந்தது?

நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வேண்டும். அலைகளை ஏலம் போட்டுப் பணம் எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த அலைகள் மேல் ஓடும் பேச்சு எல்லோரையும் சென்றடைகிறதா என்று கேட்கவும் தெரிய வேண்டும். நாமும் கேட்க வேண்டும். எத்தனை அழகான பொம்மைப் படங்கள் அனுப்பலாம் என்று விசாரித்துச் செயலியைத் தேர்ந்தெடுக்கிறோம். “வேறிடத்தில் இருப்பவர் கூப்பிட்டால் நீ பதில் சொல்வாயா?” என்று இனிமேலாவது முதலில் விசாரிப்போம்.