பொரித்தவளும் வளர்த்தவளும்

எதிர்வீட்டு அம்மாள் போன வாரம் ஒரு காகிதத்தோடு வந்தார்கள். "தம்பி, இதில் இங்கிலீஷ் சரியாயிருக்கிறதா, பாருங்கள்" என்றார்கள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய அக்காள் மூன்று மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு எல்லாமே சின்னம்மாதான். அவன் இப்போது அயல்நாட்டில் மேல்படிப்பை முடித்துப் பட்டம் வாங்கப் போகிறான். விழாவுக்குச் சின்னம்மா வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீசாவுக்கு விண்ணப்பம் போடவேண்டும். 'இவன் எனக்கு யார்?' என்று விளக்கிக் கூடவே ஒரு கடிதமும் வைக்கவேண்டும். அந்தக் கடிதத்தில் அம்மாள் எழுதியிருந்த முதல் வரி: 'ஐ ஹாவ் க்ரோன் ஹிம்.'

சிரிக்காதீர்கள், நேயர்களே! தமிழில் நாம் அவரைக்கொடியை வளர்க்கிறோம், ஆட்டை வளர்க்கிறோம், தாடி வளர்க்கிறோம், பிள்ளையையும் வளர்க்கிறோம். இங்கிலீஷ்காரர் கணக்கே வேறு. அவர் செடியை 'க்ரோ' செய்வார், தாடியை 'க்ரோ' செய்வார். பிள்ளை தானாக 'க்ரோ' ஆகலாம். அவனை நீங்கள் 'க்ரோ' செய்ய முடியாது. பிள்ளை என்று வந்தால் 'ப்ரிங் அப்' என்றோ 'ரெய்ஸ்' என்றோ 'ரியர்' என்றோதான் சொல்லவேண்டும்.

பயிரையும் மாட்டையும் 'ரெய்ஸ்' செய், பிள்ளையை 'ரியர்' செய் என்று பழைய இலக்கண வாத்தியார்கள் பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அதைக் கேட்கவில்லை. பிள்ளைகளையும் தாராளமாக 'ரெய்ஸ்' செய்தார்கள். இன்று யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். ஒன்று பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. மற்றது வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்தது. 'எழச் செய்தல்' என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

வளர்ப்புக்கு முந்திய சமாசாரம் முட்டை. நமக்கு 'அடைகாத்தல்', 'குஞ்சு பொரித்தல்' என்று இரண்டு இருக்கின்றன. கோழியும் முட்டை பொரிக்கும், நாமும் முட்டை பொரிப்போம். எந்தப் பொரிப்பு என்பது அடுப்பு எரிகிறதா என்பதைப் பொறுத்தது. இங்கிலீஷில் அந்தக் குழப்பம் கிடையாது. குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருவது 'ஹாட்ச்'. அதற்கு முன் ஓட்டில் விழுகிற முதல் கீறலுக்குக்கூடத் தனியாக 'பிப்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே ஈட்டில் அடை வைத்த முட்டைகள் 'க்ளட்ச்'. அவற்றிலிருந்து வந்த குஞ்சுகள் 'ப்ரூட்'.

இந்த 'ப்ரூட்' சூட்டைக் குறிக்கும் வேரில் பிறந்த சொல் என்கிறார்கள். அதையே வினைச்சொல்லாக்கினால் அடைகாத்தல். மனத்துயரத்தை வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துக் குமைந்து கொண்டிருப்பதற்கும் அதே சொல்தான். நாமோ, கஞ்சன் பணத்தை அடைகாக்கிறான் என்கிறோம். கோழி ஒன்றுதான்; அவர்கள் அதன் வயிற்றடியில் துக்கத்தை வைத்தார்கள், நாம் பணப்பெட்டியை வைத்தோம்!

'இன்குபேட்' என்பது லத்தீன். 'மேலே படுத்திருத்தல்' என்று அர்த்தம். ஆபீஸில் தடுப்புக் கட்டிய சிற்றறையை 'க்யூபிகிள்' என்கிறார்களே, அதுவும் படுக்கை சம்பந்தப்பட்ட அதே குடும்பந்தான். பதவியில் இருப்பவருக்கு 'இன்கம்பென்ட்' என்று பெயர். அவரும் இந்த வம்சமே. கோழி இருபத்தொரு நாள் படுத்தால் குஞ்சு வருகிறது. சில பதவிகளில் 21 வருஷம் உட்கார்ந்தாலும் ஒன்றும் பொரிவதில்லை.

1880-ஐ ஒட்டிய வருஷங்களில் பாரிஸில் டார்னியே என்ற பிரசவ வைத்தியர் இருந்தார். அங்கேயிருந்த மிருகக்காட்சிசாலையில் குஞ்சு பொரிக்கும் யந்திரத்தைப் பார்த்தார். குறைமாதக் குழந்தைகள் குளிரில் வாடி இறந்து கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெட்டியைப் போலவே குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொல்லி ஆஸ்பத்திரியில் வைத்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை படுத்திருக்கும்போது, அது 'இன்குபேட்டர்' என்று கோழிப் பண்ணைப் பெயரையே தாங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பொரித்ததோடு வேலை முடியவில்லை. யந்திரத்தில் பிறந்த குஞ்சுக்குத் தாயின் சிறகு ஏது? அதற்காக விளக்குச் சூட்டில் இன்னொரு பெட்டி செய்தார்கள். அந்தக் காலத்து இங்கிலீஷ் பண்ணைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஃபாஸ்டர் மதர்' - வளர்ப்புத்தாய்!

நல்லவேளை, இதை நான் எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லவில்லை. ஏனென்றால் 'க்ரோன்' என்பதை அடித்துவிட்டு நான் முதலில் எழுதியதே 'ஃபாஸ்டர் மதர்' தான். 'ஃபாஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் உணவைக் குறித்த சொல். ஊட்டி வளர்த்தவள் என்று பொருள் வரும், பொருத்தமாயிருக்கும் என்று நினைத்தேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. இன்று சட்டத்தின் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம். அதிகாரிகள் உத்தரவு போட்டுக் கொஞ்ச காலத்துக்கு ஒரு வீட்டில் ஒப்படைத்த குழந்தையைத்தான் அது குறிக்கும். 'உத்தரவு எங்கே?' என்று கேட்டால் இந்த அம்மாள் எங்கே போவார்கள்? அக்காள் சாகும்போது குழந்தையை மடியில் போட்டாள், அதுதான் உத்தரவு. 'அடாப்ட்' என்றும் எழுத முடியாது. முறைப்படி சுவீகாரம் எடுக்கவில்லை.

ஆகவே 'ஆன்ட்' என்று எழுதி, 'மூன்று மாதம் முதல் நான்தான் இவனை ப்ரிங் அப் செய்தேன்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். அம்மாள் படித்துப் பார்த்தார்கள். "ஆன்ட் என்றால் அத்தையும் அதுதானே? மாமியும் அதுதானே? சின்னம்மா என்று போட வழியில்லையா?" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் இன்னொரு கூத்து. பையன் படித்த கலாசாலையை அவன் இனிமேல் 'ஆல்மா மேட்டர்' என்பான். அதற்கு 'ஊட்டி வளர்த்த தாய்' என்று பொருள். அவனை அவர்கள் 'அலும்னஸ்' என்பார்கள். லத்தீனில் அதற்கு 'வளர்ப்புப் பிள்ளை' என்றே பொருள். பாடம் சொல்லிக் கொடுத்ததற்குக் கட்டடம் தாயாகிவிட்டது. காய்ச்சலில் கண் விழித்தவள் விண்ணப்பத்தில் பொத்தாம் பொதுவாக ஓர் 'ஆன்ட்'!

மனசு கேட்காமல் அன்று இரவு அகராதியைப் புரட்டினேன். 'ஆன்ட்' என்ற சொல் பிரெஞ்சு வழியாக லத்தீன் 'அமிட்டா'விலிருந்து வந்தது. லத்தீன்காரர்களுக்கு அது அப்பாவின் சகோதரி. ஆனால் அந்த 'அமிட்டா'வுக்கும் அடியில் இருப்பது, குழந்தை தாயைப் பார்த்து மழலையில் கூப்பிடும் 'அம்மா' என்ற ஒலி என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்.

காலையில் வாசலில் கோலம் போட்டுக் கொண்டிருந்த அம்மாளிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"சரி தம்பி, இது அந்த வீசாக்காரர்களுக்குத் தெரியுமா?" என்றார்கள்.