கரமனைக் கணினியும் பேக்கரின் செங்கற் சுவரும்

பிராசஸர் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்து தெளிந்த இளைஞர்கள்கூட, முதன்முறையாகத் தம் கையாலேயே ஒரு கணினியை அசெம்பிள் செய்ய உட்காரும்போது, அந்த யந்திரத்தின் உஷ்ணம் எவ்வழியே வெளியேறும் என்ற விஷயத்தை மட்டும் கடைக்காரரின் தயவுக்கும் கையில் மிஞ்சிய சில்லறைக்கும் விட்டுவிடுகிறார்கள் என்பதை, திருவனந்தபுரத்துக் கரமனையில் வசிக்கும் என் சகோதரியின் மகன் சென்ற சித்திரையில் அப்படியொரு வைபவத்தை நடத்தியபோது அருகிருந்து கண்டேன். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, உள்ளே வர்ண விளக்குகள்; மேஜையின் அடியிலுள்ள மரத்தடுப்புக்குள் அந்தப் பெட்டி கர்ப்பக்கிருகத்து மூர்த்தியைப் போல் பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் பிராசஸரின் உஷ்ணம் 95 டிகிரியைத் தொட்டது. "வாட்டர் கூலர் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும், மாமா" என்றான். ஆகாது என்பதே என் அபிப்பிராயம்.

கூலர் என்ற பெயரே ஒரு மயக்கம். அது எதையும் குளிர்விப்பதில்லை. சில்லில் பிறந்த சூட்டைச் சுமந்துபோய் அருகிலுள்ள காற்றில் கொட்டுகிறது, அவ்வளவே. ஆகையால் 22 டிகிரி அறையில் பரீக்ஷித்துச் சில்லை 70 டிகிரியில் நிறுத்தியதாகப் புகழப்படும் ஒரு கூலர், மார்ச், ஏப்ரலில் 33 டிகிரிக்கு ஏறுகிற திருவனந்தபுரத்து அறையில் அதே வேலைக்கு 81 டிகிரியையொட்டித்தான் நிறுத்த முடியும். தண்ணீர் ஓடும் கூலருக்கும் இந்த விதியிலிருந்து விலக்குக் கிடையாது. 65 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, பழைய குண்டு பல்பின் அளவுதானே என்று அலட்சியம் செய்வோர், அவ்வளவு சூடும் விரல்நகம் போன்ற சிறு பரப்பில் பிறக்கிறது என்பதையும், இன்டெல் ஐ5-12400 போன்ற சாதாரணச் சில்லே வேகமெடுக்கும்போது 117 வாட் வரை உண்ணக்கூடியது என்பதையும் நினைப்பதில்லை. இதனால் யந்திரம் எரிந்துபோவதில்லை என்பது மெய்யே. ரைசன் 5 7600 என்னும் சில்லு, 95 டிகிரி வந்ததும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய வேகம் கோடைக்காலம் முழுவதும் கைக்கு எட்டாமல் போவது நஷ்டமல்லவா?

நம்மூர் ஈரக்காற்றின்மேல் சுமத்தப்படும் பழியில் பாதி நியாயமற்றது. வியர்வை உலராததால் நாம் வாடுகிறோம். சில்லுக்கு வியர்வை ஏது? ஈரம் செய்யும் கெடுதல் வேறு: தூசியை விசிறியின் இறகுகளிலும் ஹீட் சிங்கின் தகடுகளிலும் பசைபோல் ஒட்டவைத்து, காற்றின் வழியை மெல்ல மெல்ல அடைத்துவிடுகிறது.

காற்றின் வழி என்றதும் லாரி பேக்கரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமான அந்தக் கட்டடக் கலைஞர், உள்ளூர் என்ற பேட்டையில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தில் ஒரு கணினி மையத்தையும் கட்டினார். அதற்குச் சுவர் இரண்டு: வெளியே, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வட்டங்களாக, துவாரங்கள் விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி, உள்ளே, யந்திரங்களுக்கு வேண்டிய கட்டுப்பாடான சூழலைக் காக்கும் மற்றொரு சுவர். வெயிலின் உக்கிரத்தை வெளிச்சுவரே வாங்கிக்கொள்ள, இடையில் காற்று உலாவுகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சாளரங்களுக்குள் நின்று இளைப்பாறியவர்களுக்கு இந்த யுக்தி புதிதாகத் தோன்றாது. கணினி என்றதுமே கண்ணாடியை நினைக்கிற நாகரிகத்துக்கு அவர் துவாரமுள்ள செங்கல்லால் பதில் சொன்னார் என்று நான் கருதிக்கொள்வதுண்டு.

அந்தச் செங்கல் ஜாலிக்குச் சமானமானதுதான் வலைமுகப்புள்ள கேபினெட். முன்னே இரண்டு விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளியே தள்ள, நடுவில் 120 மில்லிமீட்டர் விசிறி பூட்டிய, கோபுரம் போன்ற ஓர் ஏர் கூலர் நின்றால், நடுத்தரச் சில்லு எதற்கும் நம்மூர் மேமாதத்திலும் குறைவிராது. வாங்குமுன் கூலரின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று அளந்துகொள்வது அவசியம்; மூடாத கேபினெட்டோடு கடைக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். 253 வாட் வரை உண்ணும் ஐ9-13900கே போன்ற பகாசுரனை வளர்ப்பவர் தாராளமாகத் தண்ணீருக்குப் போகட்டும்.

கரமனை யந்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலத்தையே பையன் உரிக்கவில்லை! அதை உரித்து, பட்டாணியளவு தெர்மல் பேஸ்ட் வைத்து மீண்டும் பூட்டியதில் பாதி உபத்திரவம் தீர்ந்தது. கண்ணாடி முகப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தடுப்பிலிருந்து விடுவித்து ஜன்னலோரம் வைத்ததும், எண் 78-இல் வந்து நின்றது. வர்ண விளக்குகளுக்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. கழற்றிய கண்ணாடியை மட்டும் என் சகோதரி, கருவடாம் உலர்த்த வாகாக இருக்கிறதென்று, மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்விட்டாள்.