சான்றிதழும் புகைக்கூண்டும்

சிறுவயதில் எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் உண்டு. கரி பூசிய முகம், தோளில் ஏணி, கையில் தூரிகை. கீழே ‘ரமோனேர்’ என்று போட்டிருக்கும். புகைக்கூண்டு துடைப்பவர். புதுச்சேரி வெயிலில் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்த எனக்கு, அவரை நேரில் பார்க்க எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

போன ஐப்பசியில் பிரான்சில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிராமத்துப் பழைய கல் வீடு. கூடத்தில் செங்கல் கணப்பு. அங்கே விறகு எரிக்கும் புகைக்கூண்டை வருடத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு துடைத்து, சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும்.

“போன தடவை வந்தவர் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார், மாமா. இப்போது கடையில் விற்கிற மருந்துக் கட்டையை எரித்திருக்கிறேன், போதாதா?” என்றார் மாப்பிள்ளை.

போதாது. அந்தக் கட்டை கரியை உலர்த்தித் தளர்த்தும், அவ்வளவுதான். துடைக்க ஆள்தான் வேண்டும்.

இந்தத் தடவை வந்தவர் முதலில் விறகைத் தட்டிப் பார்த்தார். ஈர விறகின் புகை உள்ளே தார்போல ஒட்டும். பிறகு ஒருநாள் அதுவே பற்றி எரியும். கோலோடு கோல் இணைத்துத் தூரிகையை உச்சிவரை ஓட்டினார். கூரையேறி, பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில், புகைக்கூண்டு போகும் மாடி அறையில் அலமாரியை நகர்த்தச் சொன்னார். பேத்தி தூங்கும் அறை அது.

செங்கல் இடுக்கில் சாந்து உதிர்ந்து ஒரு விரிசல். அதைச் சுற்றிக் கரித்தடம். புகை கசிந்திருக்கிறது! கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது.

பூசி முடிக்கும்வரை தீ மூட்டக் கூடாது என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்று நாற்காலியில் இருந்தபடியே எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன்! எதுவும் இடிந்து விழாதது என் அதிர்ஷ்டம். என் யோக்கியதை அல்ல.

குளிர்நாட்டில் பிள்ளைகள் உள்ள நண்பர்களே, சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். வந்தவர் எங்கெங்கே பார்த்தார் என்றும் கேளுங்கள்.