பதில் சொல்லும் கடமை

1934 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓர் எண்ணெய் வழக்கு விசாரணைக்கு வந்தது. மாநிலங்கள் வகுத்த அளவுக்கு மேல் கச்சா எண்ணெய் எடுக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. அந்த விதியின் பிரதி எங்கே கிடைக்கும் என்று நீதிபதி பிராண்டைஸ் கேட்டார். வாஷிங்டனிலிருந்து டெக்சாஸுக்கு வந்த ஓர் அலுவலரின் பின்பாக்கெட்டில்தான் அதைப் பார்த்ததாக எண்ணெய் நிறுவனத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். கூத்து அதோடு முடியவில்லை. அளவை மீறுவதைக் குற்றமாக்கிய பத்தியே 1933-இல் செய்த ஒரு திருத்தத்தின்போது கைதவறி நீக்கப்பட்டிருந்தது. ஏட்டில் இல்லாத விதியை மீறியதாகக் கீழ் நீதிமன்றங்களில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டும்வரை அரசுக்கே அது தெரியவில்லை.

பெரும் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து நாட்டை மீட்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ஆணைக்கு மேல் ஆணையாகப் பிறப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றை ஓரிடத்தில் அச்சிட்டு வைக்க ஏற்பாடு எதுவும் இல்லை. எண்ணெய் வழக்கு தந்த தலைகுனிவு 1935 ஜூலையில் ஒரு சட்டத்துக்கு வழிவகுத்தது. 1936 மார்ச் 14 அன்று 'ஃபெடரல் ரெஜிஸ்டர்' என்ற அரசிதழின் முதல் இதழ் 16 பக்கங்களோடு வெளிவந்தது. 2024-இல் மட்டும் அதன் பக்கங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

விதியை அச்சிட்டுவிட்டால் மட்டும் மக்களுக்கு நியாயம் கிடைத்துவிடாது. 1945-இல் ஐடஹோ மாநிலத்தில் 460 ஏக்கரில் கோதுமை பயிரிட்ட விவசாயிகள் அரசின் பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அதில் 400 ஏக்கர், குளிர்காலக் கோதுமை இருந்த நிலத்தில் மறுபடி விதைத்தது. மொத்தப் பயிருக்கும் காப்பீடு உண்டு என்று உள்ளூர் அலுவலர்கள் சொன்னார்கள். வறட்சியில் பயிர் போனது. மறுவிதைப்புக்குக் காப்பீடு கிடையாது என்று அரசிதழில் அச்சாகியிருப்பதைக் காட்டி அரசின் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. அரசிதழில் வந்த விதி, படித்தவரையும் படிக்காதவரையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்தும் என்று 1947-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் விவசாயிகளுக்குக் காசு வரவில்லை. குடிமக்களைக் காக்க வந்த தாள், அவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்க முடிந்தது.

ஆகவே விதி வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, வருவதற்கு முன் பேச இடம் இருப்பதே முக்கியம். அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டே, 1946 ஜூன் 11 அன்று, அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட நிர்வாக நடைமுறைச் சட்டம் அதைத்தான் தந்தது. ஒரு துறை என்ன விதி கொண்டுவரப் போகிறது என்பதை முதலில் அறிவிக்க வேண்டும். அக்கறையுள்ள எவரும் எழுத்தில் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வந்தவற்றைப் பரிசீலித்து, இறுதி விதியை அதன் அடிப்படையையும் நோக்கத்தையும் சொல்லி வெளியிட வேண்டும். பொதுவாக, வெளியிட்டு 30 நாள் கழிந்தே அது அமலுக்கு வரும்.

அரசிதழில் வரும் அப்படியோர் அறிவிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். மூன்று பத்திகளாக, பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் தலைப்பகுதியிலேயே சாரம் இருக்கும்: எந்தத் துறை, எதை மாற்றப் போகிறது, எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும், எந்தக் கோப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அதன் பின் வருவது துறை தன் தரப்பு நியாயத்தை விளக்கும் நீண்ட முன்னுரை. சட்டமாகப் போகும் வாசகம் கடைசியில்தான் வரும். பொறுமை குறைந்தவர்கள் தலைப்பகுதியையும் கடைசிப் பகுதியையும் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படி எழுதி என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு வரலாற்றில் பதில் உண்டு. இயற்கை வேளாண் பொருள் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு அமெரிக்க வேளாண் துறை 1997 டிசம்பரில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. மரபணு மாற்றம், கதிர்வீச்சுப் பதனம், கழிவுநீர்ச் சேறு ஆகிய மூன்றையும் அது அடியோடு விலக்கவில்லை. விவசாயிகளும் நுகர்வோரும் பொங்கியெழுந்தார்கள். 2,75,603 கருத்துகள் வந்து குவிந்தன. துறை பின்வாங்கி, வரைவை மாற்றி எழுதியது. 2000 டிசம்பரில் வந்த இறுதி விதி மூன்றையும் விலக்கியது.

இதை வைத்து, எண்ணிக்கைதான் வெல்லும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இணையப் போக்குவரத்தை ஒன்றுபோல நடத்தக் கோரும் இணையச் சமநிலை விதிகளைக் கைவிடுவது பற்றி 2017-இல் தகவல் தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் வந்தன. அவற்றில் 1 கோடியே 80 லட்சத்துக்கு நெருக்கமானவை போலி என்று நியூயார்க் அரசு தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் கண்டறிந்தது. அவற்றில் 77 லட்சத்தை, விதிகளை ஆதரித்து, அனுப்பியவர் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர். மறுபக்கத்தில், பிராட்பேண்ட் தொழில்துறையின் பணத்தில் நடந்த பிரசாரம் 85 லட்சம் கருத்துகளைப் பெரும்பாலும் பிறர் பெயரில் இறக்கியிருந்தது. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல. அங்கே கள்ள ஓட்டுக்கும் மதிப்பில்லை, நல்ல ஓட்டுக்கும் தனி எடை இல்லை.

எடை இருப்பது காரணத்துக்கு. புகையூட்டிய மீனில் நச்சுக் கிருமி வளராமல் தடுக்க, எல்லா வகை மீனுக்கும் ஒரே வெப்ப அளவை உணவு மருந்து நிர்வாகம் விதித்தது. இந்தச் சூட்டில் வெள்ளைமீன் விற்கத் தகுதியற்றதாகிவிடும், மீனின் வகைக்கேற்ப அளவு வகுக்கலாமே என்று கருத்துகள் வந்தன. வெள்ளைமீன் விற்க முடியாமல் போகும் என்பதற்கு நிர்வாகம் வாய் திறக்கவில்லை. எந்த ஆய்வுகளை நம்பியது என்றும் சொல்லவில்லை. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெள்ளைமீனுக்கு அந்த விதியை அமல்படுத்த மறுத்துவிட்டது. ஆதாரத்தை மறைத்ததும், முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதும்தான் குறை. ஒரு சின்ன மீன் வியாபாரத்தின் கேள்வி, ஒரு பெரிய துறையின் விதியைக் கவிழ்த்தது. குடிமக்கள் சொன்னபடி அரசு நடந்தாக வேண்டும் என்று நிர்வாக நடைமுறைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி.

அந்த உயிர்நாடிக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. தக்க காரணம் இருந்தால் முன்னறிவிப்பைத் தவிர்க்கலாம் என்ற விலக்கு 1946 சட்டத்திலேயே உண்டு. முக்கியமாக அவசர காலத்துக்காக வைத்த வழி அது. 2025 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஒரு குறிப்பாணை, சட்டவிரோதமானவை என்று துறைகள் கருதும் விதிகளை அந்த விலக்கைக் காட்டியே, கருத்துக் கேட்காமல் ரத்து செய்யச் சொன்னது. விதியை நீக்குவதும் விதி செய்வதுதான் என்று அதே சட்டம் சொல்கிறது. இன்று பிடிக்காத விதியை நீக்க உதவும் குறுக்குவழி, நாளை பிடித்த விதிக்கும் எமனாகும்.

அமெரிக்க வேலை விசாவான எச்-1பி-யில் இருப்பவர்களின் கணவன் அல்லது மனைவியரில் ஒரு பகுதியினர் வேலை செய்ய அனுமதித்த 2015 விதியும் கருத்துக் கேட்கும் நடைமுறை வழியாகத்தான் வந்தது. அங்கே பல தமிழ்க் குடும்பங்களின் மாத வரவை அது மாற்றியது. கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை, வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. எழுதியது பொதுப் பார்வைக்குப் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யாரோ அனுப்பிய வாசகத்தை அப்படியே ஒட்டாதீர்கள். விதியின் எந்தப் பத்தி, உங்களை எப்படிப் பாதிக்கும், என்ன ஆதாரம், வேறு என்ன வழி என்று ஒரு பக்கம் எழுதுங்கள். துறையால் தட்டிக்கழிக்க முடியாத ஒரு கேள்வி அதில் இருந்தால் போதும்.