கே.ஜி.எஃப். நந்திதுர்க் பெற்றோருக்கு: பிள்ளைகள் காதில் விழும் சிரிப்பு

பரீட்சைக்கு முந்தின ராத்திரி நம் லைன் வீடுகளில் நடப்பதுதான். பிள்ளை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சீக்கியர்களின் ஐந்து அடையாளங்களையும் ஒப்பிக்கிறது: கேசம், கங்கா, கடா, கச்சா, கிர்பான். அம்மா அடுப்படியிலிருந்தே சரிபார்க்கிறாள்: "கச்சாவை விட்டுடாதே, மறுபடி சொல்லு." பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருக்கும் சித்தப்பா, கைப்பேசியில் வந்த சர்தார்ஜி ஜோக்கைச் சத்தமாகப் படிக்கிறார். வீடே சிரிக்கிறது. ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிறது.

அந்த ராத்திரி அது எதைக் கற்றுக்கொண்டது? ஒரு மார்க்குக்கான ஐந்து பெயர்களையா, தலைப்பாகை கட்டினவன் முட்டாள் என்பதையா? பெயர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். சிரிப்பு அப்படி மறக்காது.

சும்மா தமாஷ்தானே என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இந்தத் தமாஷை நிறுத்தச் சொல்லி 2015-இல் ஒரு சீக்கியப் பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். அவர் சொன்ன காரணத்தைப் பெற்றோராகிய நாம் நின்று கேட்க வேண்டும். தன் பிள்ளைகள் பெயரோடு சிங், கௌர் என்று சேர்த்துக்கொள்ளவே கூசுகிறார்கள் என்றார் அந்தத் தாய். மக்கள் எப்படிப் பேச வேண்டும் என்று நீதிமன்றம் நெறிமுறை வகுக்க முடியாது என்று 2017-இல் பதில் வந்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நீதிமன்றத்தால் முடியாததை வீட்டில் செய்ய வேண்டியவர்கள் யார்? ஒரு பிள்ளை தன் அப்பன் பெயரையே மறைக்க நினைக்கிறது என்றால், அதில் நம் வீட்டுக் கட்டிலில் எழுந்த சிரிப்புக்கும் பங்கு உண்டு.

இந்த வலி நமக்குத் தெரியாததா? பி.யூ.சி.க்கும் டிகிரிக்கும் நம் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். ஊர் எது என்று கேட்டால் கே.ஜி.எஃப். என்கிறார்கள். உடனே யாராவது அந்தப் பெயரில் வந்த சினிமாவின் வசனத்தை எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் பேசும் கன்னடத்தில் இருக்கும் தமிழ் வாடைக்கு ஒரு சிரிப்பு. சாயங்காலம் பிள்ளை வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துபோனால் நமக்கு வயிறு எரிகிறது. கன்னட நாட்டில் தமிழ் பேசி வாழ்கிற நாம், எண்ணிக்கையில் குறைந்தவர்களைக் கேலி செய்யத் தெரிந்த பிள்ளைகளை எப்படி வளர்த்தோம்?

இந்த ஊர் அப்படிப்பட்ட ஊரே இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ஒரே கூண்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் முருகனையும் தம்பி மாதாவையும் கும்பிட்டது இங்கே யாருக்கும் அதிசயமாக இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926 முதல் அப்பாதுரையார் இங்கிருந்துதான் மீண்டும் கொண்டுவந்தார். சுரங்கக் காவலுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி பஞ்சாபிகளைக் கூட்டிவந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடினதோடு பிள்ளை எப்படியாவது கரையேற வேண்டும் என்கிற பயம் நம்மைப் பிடித்துக்கொண்டது. மார்க், சீட், வேலை தவிர வேறு எதையும் வீட்டில் பேச நேரமில்லாமல் போனது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்கிறோம்.

ஆனால் அம்பேத்கர் படம் மாட்டாத வீடு நம் லைனில் எத்தனை? 1935-இல் இயோலாவில், நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த பிறகு அவர் சீக்கியத்தைத்தான் மிக ஆழமாக யோசித்தார். 1936 ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டுக்கே போனார். அடுத்த வருஷம் பம்பாயில் கால்சா கல்லூரி எழும்பியதில் அவருக்கும் பங்குண்டு. கடைசியில் 1956-இல் பௌத்தம் தழுவினார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நடுவில் இருந்த இந்த இருபது வருஷத் தேடலை யாராவது சொல்லிக்கொடுத்தோமா? சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப்பில் தோல் வேலை செய்த ரவிதாஸின் பாடல்கள் இருக்கின்றன. நெசவாளி கபீர், இஸ்லாமியச் சூஃபி ஷேக் ஃபரீத் இவர்களின் பாடல்களும் இருக்கின்றன. சுவரில் அம்பேத்கரை வைத்துக்கொண்டு, அவர் மதித்த மதத்தைக் கட்டிலில் கிடந்து கேலி செய்கிறோம். பிள்ளை இரண்டையும்தான் பார்க்கிறது.

பஞ்சாப் எங்கேயோ, நாம் எங்கேயோ என்றும் தள்ளிவிட முடியாது. 1699-இல் குரு கோவிந்த் சிங் ஆனந்தபூரில் கால்சா என்னும் சீக்கிய அமைப்பைத் தொடங்கியபோது முதலில் தலைகொடுக்க எழுந்த ஐந்து பேரில் பாய் சாகிப் சிங் நம் கர்நாடகத்து பீதரைச் சேர்ந்தவர், நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். குருநானக் பீதருக்கு வந்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அங்கே ஜீரா சாகிப் குருத்வாராவில் இன்றும் கூட்டம் குறையவில்லை. நம் மாநிலத்து வரலாறு இது. சீட்டுக்கு உதவாது என்று நாம்தான் ஒதுக்கி வைத்தோம்.

2022 பிப்ரவரியை நினைத்துப்பாருங்கள். வகுப்பில் ஹிஜாபும் காவித் துண்டும் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட நேரம். டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை ஏதோ கேட்க வாயெடுக்கிறது. "உனக்கெதுக்கு அதெல்லாம், படிக்கிற வேலையைப் பாரு" என்று அடக்குகிறோம். அந்த நாட்களில் பெங்களூரில் ஒரு கல்லூரியில், ஹிஜாபைக் கழற்றச் சொல்லப்பட்ட மாணவிகள், விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்டார்கள். பதினேழு வயது சீக்கியப் பெண் ஒருத்தியிடம் தலைப்பாகையை எடுக்கச் சொன்னது கல்லூரி. எடுக்க மாட்டாள் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவளோடு ஒரே பெஞ்சில் நம் பிள்ளை உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருக்கும்? நாம் அடக்கி வளர்த்தபடி குனிந்து நோட்ஸ் எழுதியிருக்கும். அல்லது கட்டிலில் கேட்ட ஜோக்கை நினைத்துச் சிரித்திருக்கும். அந்தப் பெண்ணைப் பற்றியும், ஹிஜாப் போட்ட பெண்களைப் பற்றியும், நிதானமாகப் பேச நம் வீட்டில் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா?

கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு பிள்ளையை நோகடிக்கலாம். இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளித் தலைமையாசிரியர், தலைப்பாகையை எடுத்து முடியை வெட்டினால்தான் சேர்ப்பேன் என்று ஒரு சீக்கியச் சிறுவனைத் திருப்பி அனுப்பினார். பல இனத்துப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வித்தியாசங்கள் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்பதுதான் அவர் எண்ணம். வழக்கு மேலே மேலே போய், 1983-இல் பிரபுக்கள் சபை அந்தச் சிறுவன் பக்கம் தீர்ப்பளித்தது. வித்தியாசத்தை மறைத்தால் சண்டை வராது என்று அவர் நினைத்ததைத்தான் நாமும் நினைக்கிறோம். பெங்களூருக்குப் போகும் பிள்ளையிடம் "தமிழ்ல சத்தமா பேசாதே" என்று நாம் சொல்லி அனுப்புவது வேறென்ன?

அடுத்த முறை குடும்பத்தோடு பெங்களூர் போகும்போது கன்டோன்மென்டில் இறங்குங்கள். அல்சூர் ஏரிக்கரையில் கென்சிங்டன் ரோட்டில் குருத்வாரா இருக்கிறது. செருப்பை வெளியே விட்டு, தலையை ஒரு துணியால் மூடி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். யார், என்ன சாதி, என்ன மதம் என்று அங்கே கேட்க மாட்டார்கள். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் எல்லோரோடும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிடுங்கள். அங்கேயே பாத்திரம் கழுவ ஆள் வேண்டியிருக்கும், பிள்ளை கேட்டால் விடுங்கள். திரும்பி வரும் ரயிலில் அந்த ஐந்தையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்.