பந்தி விசாரணையும் கிராம சபையும்

ஆதித் திருச்சபைக்குள் எழுந்ததாக நாம் அறியும் முதல் முறையீடு மறையுண்மைகளைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது. எருசலேமில் அன்றாடப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று அவர்களைச் சேர்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "இவ்வளவு செய்தும் குறை சொல்கிறீர்களே" என்று முகம் சுளிக்கவும் இல்லை. சீடர்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். நற்பெயர் பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி அவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாக இருப்பதை விவிலிய அறிஞர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. முதல் வேதசாட்சியான புனித முடியப்பர் அவர்களுள் ஒருவர். பந்தி விசாரிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இம்மாதம் இதை நினைவூட்டக் காரணம் உண்டு. ஊராட்சி, நகராட்சி என்றாலே "அது அரசியல், நமக்கேன்?" என்று ஒதுங்குவது நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பக்தி முயற்சியைப் போலவே வளர்ந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் தேநீர்க் கடையில் பேசுகிறோம், திண்ணையில் பேசுகிறோம், பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றும் பேசுகிறோம். கேட்பதற்கென்றே சட்டம் அமைத்துக் கொடுத்த இடத்தில் மட்டும் நம்மைக் காண முடிவதில்லை.

அந்த இடத்தில் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மலையடிவாரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது.

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் பொட்டிபுரம் ஊராட்சி இருக்கிறது. மானாவாரி நிலம், ஆடு மாடு மேய்ச்சல், மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் கூலி வேலை என வாழும் எளிய ஊர்கள். இவ்வூராட்சி எல்லையிலுள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதென்று 2010-இல் முடிவாயிற்று. அதற்கு முன் நீலகிரியின் சிங்காரா பகுதியே இதற்கெனக் கருதப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் அவ்விடம் 2009-இல் கைவிடப்பட்டது. பொட்டிபுரத்திற்கு 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அதன் முடிவில், தலைக்குமேல் ஒரு கிலோமீட்டர் பாறை மூடிய பெரிய குகை. அதனுள் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவி. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த செய்தி 2015 ஜனவரித் தொடக்கத்தில் வெளியாயிற்று. அதே மாதம் 26-ஆம் நாள், குடியரசு நாள் கிராம சபையில், பொட்டிபுரம் மக்கள் இத்திட்டம் வேண்டாமென்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

இத்திட்டம் நல்லதா தீயதா என்று தீர்ப்புச் சொல்ல இப்பத்தி முற்படவில்லை. நியூட்ரினோவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலை எவ்விதத் தீங்கும் செய்யாமல் ஊடுருவிச் செல்கின்றன. காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று, நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கமே, ஆண்டு 1965. கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்று பரவிய பேச்சுகளில் வதந்தி நிறையக் கலந்திருந்தது. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே உறுதியான கேள்விகளும் இருந்தன. இலட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்துப் பெயர்த்தால் அதை எங்கே குவிப்பீர்கள்? தூசியும் அதிர்வும் எத்தனை ஆண்டுகளுக்கு? ஆய்வுக்கூடத்திற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மலையில் ஆடு மாடு மேய்க்கும் வழி அடைபடுமா? இவற்றைக் கேட்க இயற்பியல் பட்டம் தேவையில்லை. தன் கிணற்றின் ஆழம் தெரிந்தவருக்கு இவற்றைக் கேட்கும் உரிமையும் தகுதியும் உண்டு.

தீர்மானத்தால் என்ன விளைந்தது? உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்: ஒரு கிராம சபையின் தீர்மானம் தானாகவே மத்திய அரசின் திட்டமொன்றை நிறுத்திவிடாது. 2015 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கத் தடை விதித்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு பழைய அனுமதியை ஏற்க மறுத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு புதிய அனுமதி வழங்கியது. அவ்வாண்டு நவம்பரில் தில்லித் தீர்ப்பாயம் அதைச் செல்லுமென்று ஏற்றபோதிலும், மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் பெறாமல் பணி கூடாதென்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே உச்சநீதிமன்றத்தில் இத்திட்டத்தை அனுமதிக்க இயலாதென்று கூறியது. மலை குடையப்படவில்லை. இவ்வளவும் அந்தக் குடியரசு நாள் தீர்மானத்தின் பலன் என்று கூறினால் அது மிகை. ஆனால், இவ்வூர் மக்களின் எண்ணம் என்ன என்று எவர் கேட்டாலும் காட்டுவதற்கு நாளும் கையெழுத்தும் கொண்ட ஓர் ஏடு இருந்தது. திண்ணைப் பேச்சுக்கு அந்த வலிமை கிடையாது.

சட்டம் துணைநின்ற இடத்தில் கிராம சபையின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தைப் பற்றி அங்குள்ள கிராம சபைகளே முதலில் கருத்துரைக்க வேண்டுமென்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறியது. வன உரிமைச் சட்டம் அதற்கு வழிசெய்திருந்தது. டொங்கரியா கோந்த் முதலிய மலைமக்கள் வாழும் பன்னிரண்டு ஊர்கள் சபை கூடின. பன்னிரண்டும் ஒருமனதாக மறுத்தன. அடுத்த ஆண்டு திட்டம் நிராகரிக்கப்பட்டது. மண்ணின் மக்களுக்கு மேசையில் தனி இடம் வேண்டுமென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் வற்புறுத்துவதும் இத்தகைய வேளைகளைக் கருதித்தான்.

மலையைக் குடையும் திட்டம் எல்லா ஊருக்கும் வருவதில்லை. குழாயும் தெருவிளக்கும் எல்லா ஊருக்கும் உண்டு. நம் வார்டு உறுப்பினர்கள் பெரும்பாலோர் வாய் திறவாதது இங்கேதான். ஊராட்சிக் கூட்டத்தில் தலைவரைக் கேள்வி கேட்டால் பகை வரும், நம் தெருவுக்கு வரவேண்டிய வேலை வராமற்போகும் என்ற அச்சம் ஒருபுறம். கட்சிக்காரர் கட்சிக்காரரைக் கேட்கலாகாது என்னும் எழுதாத விதி மறுபுறம். நகராட்சி மன்றங்களிலோ இதற்கு நேர்மாறான வியாதி: கேட்பதாக நினைத்துக்கொண்டு கூச்சலிட்டு வெளிநடப்புச் செய்துவிட்டால், மறுநாள் செய்தித்தாளில் பெயர் வரும், தெருச் சாக்கடை அப்படியே இருக்கும். இரண்டுமே உறுப்பினரின் கடமையைக் கழித்துக்கட்டும் வழிகள்தாம்.

"தண்ணீர் ஏன் வரவில்லை?" என்பது புலம்பல். "சென்ற மாதம் மோட்டார் எத்தனை நாள் ஓடவில்லை? பழுது பார்த்ததற்கு எவ்வளவு, யாருக்குக் கொடுக்கப்பட்டது? மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது என்றைக்கு?" என்று கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டுமென்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. அத்துணைத்தலைவர் உறுப்பினர்களால் தெரிந்தெடுக்கப்படுபவர். ஆகவே சகஉறுப்பினரைக் கேட்பது துடுக்குத்தனமாகாது. கையெழுத்துக்கு முன்னே கேட்கப்படும் கேள்வி, பின்னால் வரும் பல சங்கடங்களிலிருந்து அந்த மனிதரையே காப்பாற்றும்.

பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. நம் அன்னையர் சபைகளில் கணக்கு எழுதிப் பழகிய பெண்மணிகள் பலர் அதற்கு முற்றிலும் தகுதியானவர்கள். ஆனால் உறுப்பினர் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க, அவருடைய கணவர் கூட்டத்திற்குப் போய் நாற்காலியில் அமர்ந்துவரும் விந்தையை நாடெங்கும் காண்கிறோம். நம் பங்கில் அப்படி எவரேனும் இருந்தால், அந்தக் கணவரிடம் நயமாகச் சொல்லலாம்: "தம்பி, அக்காவை அனுப்பிவிட்டு நீ அடுப்பைப் பார்த்துக்கொள்."

கணக்குக் கேட்கும் வழக்கம் நமக்கு இறக்குமதியான சரக்கன்று. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெற முடியாதென்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வகுத்திருந்தார்கள். அந்தச் சபையில் நிலமுள்ள அந்தணர் மட்டுமே அமர முடிந்தது. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடமில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அந்தக் கதவை எல்லாருக்கும் திறந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதற்கு எவரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

மலையடிவார ஊர்களுக்கென்று ஒரு தனி இடைஞ்சல் உண்டு. ஏலத்தோட்டக் கூலிகள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறிவிடுகிறார்கள், திரும்ப மாலையாகிவிடுகிறது. ஏலக்காய் பறிப்புக்குக் குடியரசு நாளென்றும் மே தினமென்றும் வேறுபாடு இல்லை. முற்பகல் பதினொரு மணிக்குக் கூடும் சபைக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போயிற்று. ஊரில் தண்ணீர்க் குறையை அதிகம் சுமப்பவர்களே சபையில் குறைவாக இருப்பதன் இரகசியம் இதுதான். குடும்பத்துக்கு ஒருவரேனும் அன்று தங்கிவிட, பக்கத்து வீட்டார் இருவர் முறைவைத்துப் போய்வர, அன்பியங்களே ஏற்பாடு செய்யலாம். குறைவெண் கணக்கும் இருக்கிறது: 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் நூறு பேர் கூடவேண்டும், அதற்குமேல் 10,000 வரை இருந்தால் இருநூறு பேர். எண்ணிக்கை நிறைந்ததாக ஏட்டில் காட்டக் கையெழுத்து மட்டும் வாங்க ஆள் வீடு தேடி வந்தால், கூட்டம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இக்கடமை இப்போது கூடுதலாக நம் தலையில் விழுந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. மூன்றாண்டுகளுக்கு மேலாக வார்டு உறுப்பினர் என்று ஒருவரே இல்லை. அத்தேர்தலில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிவுற, மீண்டும் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போயிற்று. தலைவரும் உறுப்பினரும் இல்லாத காலத்தில் கேட்பதற்கு ஊராருக்கு எஞ்சியிருப்பது கிராம சபை ஒன்றே.

அயலார் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு நம் வீட்டுக் கணக்கை மறைக்கவும் கூடாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டுமென்கிறது (537). விசுவாசிகள் கொடுத்த காணிக்கைகளுக்கு அவர்களிடம் கணக்குக் காட்டவேண்டுமென்றும் கட்டளையிடுகிறது (1287). திருவிழாக் கணக்கைக் கோவில் பலகையில் ஒட்டும் பங்குகளில் சண்டை குறைவு. பங்குப் பேரவையில் "சாமியாரிடம் எப்படிக் கேட்பது?" என்று வாயடைத்திருந்து பழகியவர், ஊராட்சியில் மட்டும் திடீரென்று வாய் திறப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கிராம சபை கூடும் நாட்கள் நம் வழிபாட்டு நாட்காட்டியோடு பின்னிக் கிடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்பு. அக்டோபர் 2 காவல் சம்மனசுகளின் நாள். 2022 முதல் சேர்க்கப்பட்ட இரு நாட்களுள் நவம்பர் 1 சகல புனிதர் திருவிழா. மற்றது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். குடியரசு நாளோ புனித பவுலின் உடனுழைப்பாளர்களான திமொத்தேயு, தீத்து ஆகியோரின் நினைவுநாள். காலைப் பூசைக்கும் பதினொரு மணிக் கூட்டத்திற்கும் இடையே பலகாரம் சாப்பிட நேரமிருக்கிறது. கேள்வியை முன்னதாகவே ஒரு தாளில் எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றில் ஊராட்சிச் செயலரின் ஒப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். கூட்டம் கலையுமுன் அது தீர்மான ஏட்டில் ஏறிற்றா என்று வாசித்துப் பாருங்கள். ஏட்டைக் காட்ட மறுத்தால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.